கீழ்வீட்டாரின் காதுக்கு ஒரு கம்பளம்

ஜெர்மனியில் பான் நகரத்துப் பழைய கட்டடமொன்றின் இரண்டாம் மாடிக்குக் குடிவந்த சில நாட்களிலேயே மதிசுதனுக்குத் தன் குதிக்கால்களைப் பற்றிய உண்மை தெரியவந்தது. தெரிவித்தவர் அவனுக்கு நேர் கீழே தனியாக வசிக்கும் கிர்ஷ்னர் அம்மா, அதாவது ஃபிராவ் கிர்ஷ்னர், ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. கதவைத் தட்டி, வணக்கம் சொல்லி, புன்னகைத்து, அவன் நடப்பது தன் மண்டைக்குள் நடப்பதுபோல இருக்கிறது என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

"ஒரு கம்பளம் வாங்கிப் போடுங்கள். நல்ல தடிப்பாக."

மதிசுதனுக்கு இது அவமானமாக இருந்தது. அவன் மனைவி சிவப்பிரியாவுக்கோ வரமாக இருந்தது. வீட்டு அலங்காரப் படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்தே விரல் தேய்ந்தவள் அவள். மொரோக்கோவின் மலைகளில் பெர்பர் பெண்கள் கையால் நெய்யும் வெள்ளைக் கம்பளம் இல்லாத வீட்டிலும் மனிதர் வாழ்கிறார்கள் என்பதை அவளால் நம்பவே முடிந்ததில்லை. வாங்க ஒரு காரணம்தான் கிடைக்காமல் இருந்தது. இப்போது அந்தக் காரணம் தானாகவே படியேறி வந்துவிட்டது.

"வெள்ளையோ?" என்றான் மதிசுதன், கம்பளத்துக்கு வீட்டில் புழங்கும் ஜெர்மன் சொல்லிலேயே. "நண்டுக் குழம்பு வைக்கிற வீட்டில வெள்ளை டெப்பிக்கோ?"

"நண்டை மேசையில வைச்சுச் சாப்பிடுங்கோ. டெப்பிக்கில வைச்சுச் சாப்பிட ஆர் சொன்னது?"

சனிக்கிழமை இருவரும் படியிறங்கியபோது ஃபிராவ் கிர்ஷ்னர் கோட்டுப் போட்டு, கைப்பையோடு தயாராக நின்றார்.

"நானும் வருகிறேன். அது உங்களுக்குத் தரை. எனக்குக் கூரை."

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புவரை இருவரும் படித்த ஜெர்மனில் இந்த நியாயத்தை மறுக்கச் சொல் இல்லை. மூவருமாகக் கடைக்குப் போனார்கள்.

கம்பளக் கடைக்காரர் இதிர், மொரோக்கோவின் அட்லஸ் மலைப்பக்கத்து மனிதர். புதினா தேநீர் கொடுத்துவிட்டு, "பெர்பர் என்பது பிறர் வைத்த பெயர். நாங்கள் எங்களை அமாசிக் என்போம்" என்றார். சிவப்பிரியா பக்தியோடு தலையாட்டினாள். அடுத்த வாக்கியத்திலேயே, "அப்ப எந்த பெர்பர் நல்லது?" என்று கேட்டாள்.

இதிர் பெருமூச்சு விட்டு ஒவ்வொன்றாக விரித்தார். பெனி வராயின்: சாயம் போடாத பால்நிற ஆட்டுமயிர், புல்தரைபோல அடர்த்தி, மேலே கறுப்புக் கோட்டில் சாய்சதுரங்கள். அசிலால்: அதே வெள்ளையில் சிவப்பும் மஞ்சளும் குழந்தை கிறுக்கியதுபோல ஓடின. கிலிம் மயிரே இல்லாத தட்டை நெசவு, விரிப்புப்போல மெல்லியது. கடைசியாக பூஷரவீத். பழைய துணிகளைக் கிழித்து நெய்தது. உலகத்தில் உள்ள எல்லா நிறங்களும் அதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

மதிசுதன் அதைக் காதலோடு பார்த்தான். "பிரியா, இதில குழம்பு என்ன, குழம்புச் சட்டியே கவிண்டாலும் தெரியாது."

"வீட்டுக்கு வாறவை பழந்துணி காயப்போட்டிருக்கெண்டு நினைப்பினம்."

ஃபிராவ் கிர்ஷ்னருக்கு நிறங்களில் அக்கறையே இல்லை. கடைக்கு நிலவறை உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் இதிர், விஷயம் புரியாமல்.

"நல்லது. இவர் ஒவ்வொன்றின் மீதும் நடக்கட்டும். நான் கீழே நின்று கேட்கிறேன்."

எழுபதைத் தாண்டிய அந்தப் பெண்மணி கைப்பிடியைப் பிடித்து இறங்கிப் போனார். மேலே மதிசுதன் கிலிமில் நடந்தான்.

"குதிரை!" என்று கீழிருந்து தீர்ப்பு வந்தது.

அசிலாலில் நடந்தான்.

"செருப்புப் போட்ட குதிரை!"

பெனி வராயினில் நடந்தான். கீழே சத்தமில்லை. "நடக்கத் தொடங்கலாம்" என்று சற்றுப் பொறுத்துக் குரல் வந்தது. சிவப்பிரியாவின் முகம் மலர்ந்தது.

மதிசுதன் விடவில்லை. பூஷரவீத்தில் ஏறி, திருடனைப்போல நுனிக்காலில் நடந்தான்.

"ஹெர் மதிசுதன், இது உங்கள் நடை அல்ல! உங்கள் நடை எனக்குத் தெரியும். இடது கால் கொஞ்சம் பிந்தும்."

கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் சிவப்பிரியாவே கவனிக்காத சங்கதி அது. அவள் கணவனின் இடது காலைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தாள். பெனி வராயின் வீடு வந்து சேர்ந்தது.

வந்தது கம்பளமல்ல, மாமியார். அதன்மேல் செருப்புக் கூடாது, காலுறை கூடாது, காலுறை இல்லாத வெறுங்காலும் கூடாது. தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தப் பக்கம் திரும்பவே கூடாது.

"அப்ப நான் எங்க நடக்கிறது?"

"சுவர்க்கரையால போங்கோ."

போனான். நடுவில் கம்பளம் புனிதமாகக் கிடக்க, சுற்றிலும் வெறும் பலகையில், மூலைகளில் திரும்பித் திரும்பி, முன்னரைவிட இரண்டு மடங்கு தூரம் நடந்தான். குதிக்காலும் பலகையும் கூடிப் பேசின.

நாலாம் நாள் ஃபிராவ் கிர்ஷ்னர் மேலே வந்தார். சிவப்பிரியா பெருமையோடு அழைத்து, கதிரை போட்டு, தேநீர் கொடுத்தாள். அவர் பால்வெள்ளைக் கம்பளத்தைப் பார்த்தார். அதைச் சுற்றி வளைந்து வந்து பலகாரத் தட்டை நீட்டிய மதிசுதனைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து, சப்பாத்தைக் கழற்றி, கம்பளத்தின் நடுவுக்குப் போய், கோப்பையைச் சாய்த்தார். தேநீர் நிதானமாக இறங்கியது.

"ஐயோ, கை தவறிவிட்டது" என்றார், கை நடுங்காமல். "எனக்குக் காப்புறுதி இருக்கிறது."

சிவப்பிரியா வேலை செய்வதே காப்புறுதி அலுவலகத்தில். கை தவறுவது எது, தவறாதது எது என்று தினமும் பார்ப்பவள். இன்று அதைப் பார்க்க நேரமில்லை. துணியோடு ஓடிவந்து முழங்காலில் இருந்து ஒற்றினாள். ஒற்றும்போதுதான் முதன்முதலாகக் கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தாள். மெத்தென்றிருந்தது. எழும்ப மனம் வரவில்லை. கொஞ்சம் அழுதாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, "சரி, இனி நடந்து துலையுங்கோ" என்றாள்.

அவன் நடந்தான். இடது கால் கொஞ்சம் பிந்தியது. அவளுக்கும் இப்போது தெரிந்தது. ஃபிராவ் கிர்ஷ்னர் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கறை முழுதாகப் போகவில்லை. பிறைபோல ஒரு மண்ணிற வளைவு நின்றுவிட்டது. அடுத்த மாதம் விருந்துக்கு வந்த அவளது சிநேகிதி வேணுஜா அது என்ன வடிவமென்று கேட்டாள். சிவப்பிரியா கண்ணிமைக்கவில்லை.

"அது கையால செய்யிறவையின்ர அடையாளம். உண்மையான பெனி வராயினில மட்டுந்தான் வரும்."

வேணுஜா அடுத்த சனிக்கிழமையே இதிரின் கடைக்குப் போய், பிறை போட்டதுதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாளாம். இதிர் பாவம், அப்படியொரு வகையே இல்லையென்று சொல்லிப் பார்த்தாராம். அந்த மனிதருக்குத் தன் மலையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று அவள் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள்.