ஆறு மாத்திரை

அம்மாவின் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் சான்யால் எழுந்ததும், கமலம் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். லேக் மார்க்கெட் பின்சந்தில், அப்பாவின் மளிகைக்கடைக்கு மேலே இருந்த வீடு அது. படி குறுகல். பாதியில் டாக்டர் நின்றார்.

“உங்கப்பாவோட தூக்க மாத்திரை எத்தனை மிச்சம்?” என்று வங்காள மொழியில் கேட்டார்.

“ஆறு.”

“யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட. அம்மா குடுத்து வச்சாங்க.”

பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். மூன்று மாதமாக நோயில் கிடந்த மனைவி தாயம்மாளின் கட்டிலருகே விழித்தே கிடந்த அப்பா மூக்கையா, போன வாரம் கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே தராசின் மேல் சாய்ந்து விழுந்தார். நெற்றியில் தையல் போட்ட கையோடு டாக்டர் மாத்திரையும் எழுதினார்.

அன்று சொன்னதையே இப்போது படியில் நின்று மறுபடி சொன்னார். “படுக்கப் போறப்ப ஒண்ணு. ஏழெட்டு மணி நேரம் படுத்திருக்க முடியும்னாத்தான். குடிச்சிருந்தா அன்னைக்குக் கிடையாது, மூச்சு அடங்கிப் போகும். பத்தும் தீர்ந்தா அதோட சரி, மறுபடி கேட்டு வரக்கூடாது. தூக்கம் தானா வரணும்.” பையை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். “நீயும் தொடாதே. அது உனக்கு எழுதினது இல்ல.”

தாயம்மாளின் வலி மருந்தில் மீந்ததை அவர் மாடியிலேயே கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டிருந்தார்.

பத்து மணிக்கு கரக்பூரிலிருந்து வேதாச்சலம் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. படியில் பாடையைச் சாய்க்காமல் இறக்க முடியவில்லை. “மெதுவா, மெதுவா” என்று மாமா சொல்லிக்கொண்டே பின்னால் இறங்கினார். முன்பக்கத்துக் கழியைத் தோளில் வைத்தபோது அப்பாவின் கண்கள் பாதி மூடியிருந்தன. நடப்பதெல்லாம் வேறு யாருக்கோ என்பதுபோல இருந்தார். கேவரத்தலா சுடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. கமலம் வீட்டைக் கழுவிவிட்டாள். கட்டிலுக்கு அடியில் அம்மாவின் எச்சில் கிண்ணம் இருந்தது. அதையும் கழுவினாள்.

அவர்கள் திரும்பியபோது சாயங்காலம் நாலு மணி. அப்பா ஈர வேட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாமா அடுப்படிக்கு வந்தார்.

“கமலா, மச்சான் கண்ணப் பாத்தியா? ரத்தமா கெடக்கு. ராவைக்கு ரெண்டு மாத்திரையாக் குடுத்திரு. நல்லாத் தூங்கட்டும்.”

மாமாவின் வாயில் பிராந்தி வாடை.

“அப்பாவும் குடிச்சாங்களா?”

“கொஞ்சம். வர்ற வழியில ஒரு கால் பாட்டில் வாங்கினேன். இன்னைக்குக் கூடக் குடிக்கலன்னா எப்படி? ஒடம்பு தாங்காதுல்ல.”

கமலம் சோற்றை வடித்தாள்.

எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. அரிக்கேன் வெளிச்சத்தில் அப்பா இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு, கேட்டுப் பழக்கமில்லாதவர் கேட்பதுபோல அவளிடம் கையை நீட்டினார்.

“அந்த மாத்திரைய எடு தாயி.”

“இன்னைக்குக் கிடையாதுப்பா.”

“ஏன்?”

“குடிச்சிருக்கீங்க. ரெண்டும் சேந்தா மூச்சு அடங்கிப் போகுமாம். டாக்டர் சொன்னார்.”

“சரி, எல்லாத்தையும் எங்கிட்ட குடு. நானே வச்சிக்கிடுதேன்.”

அவள் கை இடுப்பில் செருகியிருந்த காகிதப் பொட்டலத்தின் மேல் போய் நின்றது. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

“குடுத்துத் தொலையேன்” என்றார் மாமா. “பெத்த அப்பன் கேக்கான். பொண்டாட்டிய எரிச்சிட்டு வந்து ஒக்காந்திருக்கான்.”

“தர மாட்டேன் மாமா.”

“ஒங்க அம்மா இருந்தா குடுத்திருப்பா.”

“அம்மாதான் குடுக்காதன்னு சொன்னாங்க. ஒண்ணு பத்தலன்னா ரெண்டாப் போடுவாரு, கையில குடுத்திராதன்னு.”

அப்பா கையை எடுத்துக்கொண்டார். மாமா ஏதோ முணுமுணுத்தபடி உள்ளே போய்ப் படுத்தார். சற்று நேரத்தில் அவருடைய குறட்டை கேட்டது.

கமலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் சரியாகத் தூங்கியும் எத்தனையோ நாளாகியிருந்தது. கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல எரிந்தது. பொட்டலத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு இந்த வீட்டிலிருந்தே கொஞ்ச நேரம் போய்விட்டால் என்ன என்று தோன்றியது. அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து அப்பா பேசினார்.

“மூணு மாசம் அவ மூச்சக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். ஒரு நா கண்ண மூடல. நேத்து அந்த மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கிட்டேன்.”

“நாலு நாளாத்தான் தூங்குறீங்க.”

“நேத்து ராத்திரிதான போனா.”

கமலம் அரிக்கேன் திரியைக் குறைத்தாள்.

“நீ முழிச்சிருந்தியா?”

“இருந்தேன்.”

“என்னையக் கூப்பிட்டாளா?”

இந்தக் கேள்வி வரும் என்று காலையிலிருந்தே அவளுக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிடலாம். அது சுலபம்.

“தூங்குறாரான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எழுப்பட்டுமான்னு கேட்டேன்.”

அப்பா திரும்பிப் பார்த்தார்.

“வேண்டாம்னுட்டாங்க. நீங்க குறட்டை விடுறத கேட்டுக்கிட்டே படுத்திருந்தாங்க. சத்தமாத்தான் விட்டீங்க. அம்மா மொகத்துல லேசா ஒரு சிரிப்பு இருந்த மாதிரி இருந்துச்சு. பெறகு விடியக்கால நாலு மணிக்கு…”

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. தெருவில் எங்கோ ரிக்‌ஷாக்காரனின் கைமணி கேட்டுத் தேய்ந்தது. கரண்ட் திரும்பி வந்து, விசிறி சுற்றத் தொடங்கியது. இருவரும் விளக்கை அணைக்க எழுந்திருக்கவில்லை.

விடியும் நேரத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தபோது, அப்பாவின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. துண்டு மடியில் விழுந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. கழுத்து வலிக்குமே என்று தலையணையை எடுத்தவள், தொட்டால் விழித்துவிடுவார் என்று அதைக் கீழேயே வைத்துவிட்டாள்.

கீழே யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள். காப்பிப் பொடி வாங்க விடிகாலையிலேயே வருகிற யாராவது இருக்கும். கமலம் செருப்புப் போடாமல் படியிறங்கினாள். அவள் போவதற்குள் வந்தவர் போய்விட்டார். மாடத்திலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, கதவில் வங்காள மொழியில் எழுதினாள்: இன்று கடை இல்லை. காரணம் எழுதக் கொஞ்சம் இடம் விட்டு, அதை நிரப்பாமல் நின்றாள்.

மாநகராட்சி ஆட்கள் குழாயைத் திறந்து தெருவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழாயில் வரும் கலங்கிய கங்கைத் தண்ணீர் ஓரமாக ஓடி வந்தது. அவள் கடைப்படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் பாதத்தை நனைத்துக்கொண்டு போயிற்று. கால்களை அவள் நகர்த்தவில்லை.