மாத்திரை போடாத ஆள்

அந்தப் பணிமனையில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு மாத்திரை என்றாலே இளக்காரம். வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் பிரஷர் மாத்திரையை விழுங்குவார்கள். சான்றிதழ் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி.

இந்த ஓட்டுநரும் அப்படித்தான். தலை கிறுகிறுத்து பஸ்ஸை ஓரங்கட்டிய அன்றுகூட, "எனக்கென்னடி கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். செவிடன் காதில் சங்குதான். கடைசியில் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரையைப் பொடித்துக் காலை டீயில் கலக்க ஆரம்பித்தாள். இஞ்சியைக் கொஞ்சம் தூக்கலாகத் தட்டிப்போட்டதில் கசப்பு தெரியவில்லை.

அந்த வருடம் அவர் வேண்டுமென்றே மாத்திரையைத் தொடாமல் பரிசோதனைக்குப் போனார். "பிரஷர் நார்மல்" என்றாள் நர்ஸ். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு மாத்திரை கிடையாது. மனசுதான்யா மருந்து!" என்று பணிமனை முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

மனைவி உண்மையைச் சொல்லவில்லை. தெரிந்தால் டீயைக் கொட்டிவிடுவார். ஆள் உயிரோடு இருக்கிறாரே, பீற்றிக்கொண்டு திரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

பணிமனையில் தினமும் ஒழுங்காக மாத்திரை போட்டவன் ஒருவன்தான், மீசை என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஓட்டுநரின் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணனைப் பாத்து நானும் நிறுத்திட்டேன்க்கா. ஒரு மாசமாச்சு, ஜம்முனு இருக்கு."

மனைவி அவசரமாகக் குறுக்கிட்டாள். "வேணாம் தம்பி, டாக்டரைக் கேட்டுக்க."

"இவளுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று ஓட்டுநர் சிரித்தார். அவர் எதிரில் உண்மையை எப்படிச் சொல்வது? நாளைக்கு மீசையின் மனைவியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

திங்கள் காலை பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் மீசையின் மனைவி ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "மாத்திரை இல்லாம நீங்க நல்லாத்தானே இருக்கீங்கண்ணே, அவருக்கு மட்டும் ஏன் இப்படி?"

"அவனுக்கு மனசுல பலம் பத்தலம்மா" என்று அவரும் அழுதார்.

அதற்கு மேல் ஓட்டுநரின் மனைவியால் தாங்க முடியவில்லை. "மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! தினம் உங்க டீல மாத்திரையைப் போட்டது நான்!"

மீசையின் மனைவி ஓட்டுநரின் கையை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குத்தானேக்கா வந்தாரு. அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"