வெள்ளிக்கிழமை வட்டங்கள்

1

இந்தக் கதையைப் பனியில் தொடங்கத்தான் ஆசைப்பட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்துப் படித்து, பனி பெய்யாவிட்டால் எனக்குக் கதை நகராது. ஆனால் நான் இருப்பது மலேசியாவில், வெயில் கொளுத்தும் செமிலிங்கில். ஒரு சனிக்கிழமை, புத்தகத்தோடு சன்னலோரம் கிடந்தபோது எதிர்வீட்டில் பாலிஷ் மெஷின் அலறியது. எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கார் ஒன்றின் மேல் வெள்ளைத் துகள் பறந்துகொண்டிருந்தது. சரி, இதுவே நம் பனி.

(எதிர்வீட்டாரின் பெயர்களை மாற்றிவிட்டேன். காரின் நிறத்தை மாற்றவில்லை. வெள்ளைக் காரில் கீறல் அவ்வளவாகத் தெரியாது, கதையும் இராது.)

2

வெயில் பொன்னாய் உருகி ரூபினியின்...

(வேண்டாம். பதினொரு மணி வெயில் உருகாது, சுடும்.)

எதிர்வீட்டு ரூபினிக்குக் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை. நுண்ணோக்கியில் கணினிச் சில்லுகளைப் பார்த்துக் கீறல் கண்டுபிடிப்பாள். அப்படிப்பட்டவளின் சொந்தக் காரில், பானெட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல்கள். நாளை அக்கா நளினிக்குக் கல்யாணம். மணப்பெண்ணைக் கோயிலுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது ரூபினியின் நெடுநாள் ஆசை.

"இந்தக் காடியிலயா? வீடியோவுல சிலந்தி வலைக்குள்ள உக்காந்த மாதிரி இருப்பேன் லா," என்றாள் நளினி, காரைக் காட்டி. "சாயங்காலத்துக்குள்ள இது போவலன்னா, மாமாவோட வெள்ளக் காடிதான்."

"கார் கழுவுற கடைக்காரனுங்க வேலக்கா இது. அழுக்குத் துணியால தேச்சிருக்கானுங்க!"

(இரண்டு வரைவுகள் வரை நானும் அவர்களைத்தான் திட்டினேன்.)

3

மென்பஞ்சும் லேசான பாலிஷும் ஒரு மணி நேரம் சுற்றின. ஒரு வட்டம்கூட அசையவில்லை. பெயிண்டு அவ்வளவு கெட்டி, கல்.

இந்த இடத்தில் அவளை அழவைக்கத் திட்டமிட்டிருந்தேன். அவள் மறுத்துவிட்டாள். மெஷினில் கம்பளிப் பட்டையை மாட்டி, காம்பவுண்டு என்கிற கரகரப்பான பசையைத் தடவி, கைக்குட்டை அளவு இடத்தில் மட்டும் ஆமை வேகத்தில் நகர்த்தினாள். துடைத்துவிட்டுக் கைப்பேசி விளக்கை அடித்தாள்.

வட்டங்களைக் காணோம்!

அப்புறம் கைக்குட்டை கைக்குட்டையாக முழு பானெட்டும். காலையில் தோற்ற மென்பஞ்சுதான் கடைசி மெருகைக் கொடுத்தது.

4

நாலு மணிக்குக் காரை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினாள். நளினி குனிந்து பார்த்தாள். பானெட்டில் தெரிந்த முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏறுறேன் லா. ஏசி வேல செய்யுமா?"

"செய்யும், நீ வாய மூடிக்கிட்டு வந்தா!"

அந்தச் சிரிப்புக்கு நடுவே அம்மா பிரேமாவதி வந்தார். கையில் திருநீறும் சந்தனமும் வைத்த தட்டு. தோளில் ஒரு பழைய துண்டு.

"நல்லா வந்திருக்குடி. இரு, பானெட்டத் தொடச்சிட்டு சாமி துண்ணூறு வைக்கிறேன். வெள்ளிக்கு வெள்ளி பழசத் தொடச்சிப் புதுசு வைக்கிறது நாந்தானே. காஞ்ச துண்ணூறு லேசுல போவுமா? இப்படி அழுத்தித் தேய்க்கணும்."

அவர் கை காற்றில் ஒரு வட்டம் போட்டது.

கீறல் தேடிப் பழகிய கண் ரூபினிக்கு. அந்த வட்டத்தை நாள் முழுக்கப் பார்த்தவள்.

5

முடிவு ஒன்று: ரூபினி உண்மையைச் சொல்ல, அம்மா விழுந்து விழுந்து... (சிரிக்க மாட்டார். கல்யாணம் முடியும்வரை அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார்.)

முடிவு இரண்டு: ரூபினி சொல்லாமல் விட, அடுத்த வெள்ளிக்கிழமை... (ஐயோ.)

முடிவு மூன்று: "எனக்கு மொதல்ல வைங்கம்மா," என்று நெற்றியை நீட்டினாள். அம்மா பூசிவிட்டார். நளினியும் நீட்டினாள். அவளுக்கும் ஆயிற்று. தட்டில் திருநீறு இன்னும் மலையாக இருக்கிறது. அம்மாவின் கை தோள் துண்டுக்குப் போகிறது.

இங்கே நிறுத்துகிறேன். ரூபினியின் வாளியில் மென்துணி ஒன்று நனைந்து கிடக்கிறது. அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். அந்தத் துண்டுக்குப் பதிலாக இதைப் பிழிந்து நீட்டுங்கள், சீக்கிரம். என்ன சொல்லி நீட்டுவீர்களோ, அது உங்கள் சாமர்த்தியம்.