ரோட் ஐலண்டுக்கு ஒரு சோள முத்து

நஞ்சப்பனுக்கு ரோட் ஐலண்டைப் பிடிக்கவில்லை. அவர் அங்கே போனதில்லை, அந்தப் பக்கத்து ஆள் ஒருவரையும் தெரியாது. ஆனாலும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் கயல், பள்ளியில் நடக்கப்போகும் காலனிக் கண்காட்சியில் தனக்கு ரோட் ஐலண்ட் விழுந்திருக்கிறது என்று வந்து சொன்னதும், பந்தியில் தன்னை மட்டும் எழுப்பிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் ஆங்கிலேயர் வந்து உட்கார்ந்த காலனிகள் பதிமூன்று இருக்கும்போது போயும் போயும் அதுவா என்று மனைவி சாந்தாமணியிடம் கேட்டார். வரைபடத்தில் அதைக் கண்டுபிடிக்கவே கண்ணாடி போட வேண்டியிருந்தது. அதைவிட அவரை எரித்தது வேறு. மாசசூசெட்ஸ், தனக்கு ஆகாத பிலிப்பின் மகள் ரெபெக்காவுக்குப் போயிருந்தது. மாற்றித் தரச் சொல்லி ஆசிரியைக்கு ஒரு பக்கம் மின்னஞ்சல் எழுதினார். சீட்டுக் குலுக்கிப் போட்டது, மாற்ற முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

சாந்தாமணிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பதினாறு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் மதித்த வெளியூர் என்று ஒன்றை அவள் பார்த்ததில்லை. சென்னைக்காரன் வாய்ச்சவடால், மதுரைக்காரன் சண்டைக்காரன், தஞ்சாவூர்க்காரன் சோம்பேறி, நாகர்கோவில்காரன் பேசினால் வேற்றுமொழிப் படம் மாதிரி கீழே எழுத்து ஓட வேண்டும். அமெரிக்காவுக்கு வந்தும் வாய் மாறவில்லை. நியூ ஜெர்சித் தமிழர்களுக்கு நாகரிகம் பத்தாது, டெக்சஸ் தமிழர்களுக்கு வீட்டின் அளவைத் தவிரப் பேச ஒன்றும் கிடையாது. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது பிறந்த பொள்ளாச்சியும் இப்போது குடியிருக்கும் சன்னிவேலும்தான். சன்னிவேலிலும் பாதியைத் தள்ளிவிடலாம்.

அந்த ஊர்த் தமிழர்கள் கூடும் வைகறைத் தமிழ் வட்டத்துக்கு ஆறு வருஷமாக அவர்தான் தலைவர். வட்டத்தில் எண்பது குடும்பங்கள். ஓட்டு மட்டும் ஆரம்பித்த ஒன்பது பேருக்கு. ஒன்பது பேரும் கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கம், ஒருவருக்கொருவர் எப்படியோ பங்காளி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கல் விழாக் கூட்டத்தில் நாகர்கோவில் பிலிப் எழுந்து, எல்லாருக்கும் ஓட்டு வைத்தால் என்ன என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அன்று சாயங்காலமே நஞ்சப்பன் வாட்ஸப் குழுவில், ஒற்றுமையைக் குலைப்பவர்களுக்கு இங்கே இடமில்லை என்று எழுதினார். எல்லாரும் படிக்கட்டும் என்று அரை மணி நேரம் விட்டுவைத்து, அப்புறம் பிலிப்பையும் அவர் மனைவி ஜெயசெல்வியையும் குழுவிலிருந்து நீக்கினார்.

அந்த அரை மணி நேரத்தில் செய்தியின் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன. நஞ்சப்பன் சோபாவிலிருந்து திரும்பி சாந்தாமணியைப் பார்த்தார். அவளும் ஒரு கட்டைவிரலைப் போட்டாள்.

அவள் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து படுத்துக் கிடந்தபோது பத்து நாள் ரசமும் சோறும் கொண்டுவந்தவள் ஜெயசெல்வி. கயலைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வந்தவளும் அவள்தான். அந்தக் கட்டைவிரலுக்கு அப்புறம் எல் கமினோ சாலை மளிகைக் கடையில் ஜெயசெல்வியைக் கண்டால் சாந்தாமணி பருப்பு வரிசையை விட்டு ஊறுகாய் வரிசைக்குப் போய்விடுவாள். அந்தக் கூச்சத்தையெல்லாம் கோபமாக்கிப் புருஷன் மேலேயே போட்டுவிடுவது அவளுக்கு வசதியாக இருந்தது. ஜெயசெல்வி ஒரே ஒரு தரம் பேசிவிட்டால் போதும் என்று மட்டும் தினமும் நினைத்தாள்.

பிலிப் சும்மா இருக்கவில்லை. பதினோரு குடும்பங்களைச் சேர்த்து, பக்கத்து ஊரான ஃப்ரீமான்டில் ஒரு நூலக அறையைப் பிடித்து, வேறு குழு ஆரம்பித்தார். நஞ்சப்பன் அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பார்.

“அங்க ஆரு வேணாலும் போலாமாமா. வெளங்கிரும்.”

கண்காட்சிக்கு ஒரு விதி இருந்தது. வருகிற பெரியவர்களுக்கு ஆளுக்கொரு மக்காச்சோள முத்து தருவார்கள். எந்தக் காலனியில் குடியேற ஆசையோ அந்த மேசையிலிருக்கும் செருப்புப் பெட்டியில் அதைப் போட வேண்டும். நஞ்சப்பன் விட்டுவிடுவாரா? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அனைவரும் வந்து கயல் பெட்டியில் போடவும் என்று வட்டத்துக்கு உத்தரவு போட்டார். துறைமுகம், கப்பல் என்று இரண்டு பக்கப் பேச்சும் எழுதிக் கொடுத்தார். கயல் அதை நாலாக மடித்துப் பையில் வைத்ததை சாந்தாமணி பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் பதிமூன்று மேசைகள். ஒவ்வொன்றிலும் பக்கத்துக் காலனிக்காரர் எங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று ஒரு அட்டை. சாந்தாமணி படித்துக்கொண்டே வந்தாள். வர்ஜீனியாக்காரருக்கு மாசசூசெட்ஸ்காரர் எந்நேரமும் ஜெபம் பண்ணும் கஞ்சர். அவர்களுக்கு வர்ஜீனியாக்காரர், அடிமைகளை வேலை வாங்கிவிட்டுக் குதிரையேறித் திரியும் சோம்பேறி. கரோலினா விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. எல்லாரும் ஒரே ராஜாவின் குடிகள், ஒரே பாஷை, ஒரே கடலைத் தாண்டி வந்தவர்கள். அந்தக் காலத்திலேயே நஞ்சப்பன்கள் கப்பலேறியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

வட்டத்து ஆட்கள் சொன்னபடி வந்தார்கள். கயல் வாயைத் திறக்கும் முன்பே முப்பத்தோரு முத்துகள் ரோட் ஐலண்ட் பெட்டியில் விழுந்துவிட்டன. யாரும் அட்டையைப் படிக்கவில்லை. நஞ்சப்பன் கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போலக் கைகூப்பி நின்றார்.

அப்புறம் கயல் பேசினாள், ஆங்கிலத்தில், காகிதம் இல்லாமல். மாசசூசெட்ஸில் தேவாலயச் சபையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. ரோஜர் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் அங்கே மாற்றுக் கருத்துகள் பேசினார். பேசியதற்காக ஊரைவிட்டு விரட்டினார்கள். அவர் பனியில் நடந்து போய், பழங்குடியினர் கொடுத்த நிலத்தில் புதிதாக ஓர் ஊரைத் தொடங்கினார். மற்ற காலனிக்காரர்கள் அந்த இடத்தைக் குப்பைமேடு என்று கேலி செய்தார்கள். காரணம், அங்கே யார் வேண்டுமானாலும் வரலாம்.

ஆசிரியை எல்லா மேசையிலும் கேட்ட கேள்வியையே இங்கேயும் கேட்டார். இன்றைக்கும் இப்படி நடக்குமா?

நடக்கும், என் அப்பா ரெபெக்காவின் அப்பாவை இப்படித்தான் அனுப்பினார் என்றாள் கயல். பனி மட்டும் இல்லை, வாட்ஸப்பில் அனுப்பினார் என்றும் சேர்த்துக்கொண்டாள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை.

வெள்ளைக்காரப் பெற்றோர் சிரித்தார்கள். வட்டத்தார் தங்கள் முப்பத்தோரு முத்துகளையும் பார்த்தார்கள். தலைவர் சொல்லைத் தட்டாமல் மொத்த வட்டமும் விரட்டப்பட்டவர்களின் ஊருக்குக் குடிபோயிருந்தது. நஞ்சப்பனின் காது சிவந்தது.

“ஆரோ சொல்லிக் குடுத்திருக்கறாங்க. நீ உன்றத போடு, போலாம்.”

சாந்தாமணியின் முத்து இன்னும் கையிலேயே இருந்தது. வேர்த்து வழவழப்பாகிவிட்டது. பத்து வயசுப் பெண் நாலு பேர் முன்னால் சொன்னதை இரண்டு வருஷமாகத் தான் வீட்டுக்குள்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. புருஷன் மேல் வைத்திருந்த அருவருப்பெல்லாம் திரும்பி அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது. அவர் எழுதியதையாவது அவர் நம்பி எழுதினார். இவள் நம்பாமலே கட்டைவிரலைத் தூக்கினாள்.

முத்தைக் கயலின் பெட்டியில் போட்டாள். வாசல் பக்கம் திரும்பிய நஞ்சப்பனோடு போகாமல், நாலு மேசை தள்ளி, மாசசூசெட்ஸ் அட்டைக்குப் பின்னால் ரெபெக்காவோடு நின்றிருந்த ஜெயசெல்வியிடம் போனாள். நஞ்சப்பன் இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“ஜெயா, ஃப்ரீமான்ட் மீட்டிங்குக்கு நானும் வரலாமா?”

ஜெயசெல்வி மகளின் அட்டையை நேராக நிமிர்த்தி வைத்தாள். அப்புறம் சாந்தாமணியின் முகத்தைப் பார்த்தாள்.

“வரலாம்க்கா. அங்க யாரு வேணும்னாலும் வரலாம்லா. தம்ஸ் அப் போட்டவியளும் வரலாம்.”

சாந்தாமணி அதை வாங்கிக்கொண்டாள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.