வாசலோடு நின்ற ஓலைப்பை

பதினேழாவது வீட்டிலும் அதே வாக்கியம்தான். "தலையில ஓலைப்பை கவுத்திருந்துச்சு. மூஞ்சி தெரியல." ஊரே ஒரே வாத்தியாரிடம் படித்ததுபோல் ஒப்பித்தது. இருபத்தெட்டு வருஷம் பள்ளியில் சரித்திரம் நடத்தியவள் நான். ஒப்பிக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்தது. யாருக்காக என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் தீவு நாடு சுதந்திரம் அறிவித்து நூறு வருஷம் ஆன கொண்டாட்டத்தில், எங்கள் ஏரிக்கரை ஊருக்கும் தன் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடும் ஆசை வந்தது. எழுத என்னைப் பிடித்தார்கள். ஒரு பக்கம்தான் பாக்கி. ஐம்பது வருஷத்துக்கு மேல் முன்னால், உலகச் சண்டையில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்தில், ஒரு நாள் ஆண்களையெல்லாம் மாதா கோயில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சந்தைக்குக் கொண்டுபோகும் ஓலைப்பையைத் தலையில் கவிழ்த்த ஒருவன், இரண்டு ஓட்டைகள் வழியே பார்த்தபடி நடந்து வந்து, பதினோரு பேர் முன்னால் தலையை ஆட்டினான். பதினோரு பேரும் வீடு திரும்பவில்லை. "காட்டிக்கொடுத்தவன் பேரைப் போடாம புத்தகம் அச்சுக்குப் போகாது" என்று கமிட்டிக் கூட்டத்தில் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாகச் செபெரினா வீட்டுக்குப் போனேன். ஞானஸ்நானத்தில் என்னை ஏந்தி நின்ற ஞானத்தாய், நீனாங் என்று கூப்பிடுவேன். அந்தப் பதினோரு பேரில் அவள் புருஷன் கௌதென்சியோவும் ஒருவன். சுமான் என்ற அரிசிப் பலகாரத்தை வாழையிலையிலிருந்து பிரித்து என் தட்டில் வைத்துவிட்டு அவளும் அதையே ஒப்பித்தாள்.

"உங்களுக்குமா தெரியாது, நீனாங்? செத்தது உங்க புருஷன்."

"விடமாட்டியே. உங்கப்பன் மாதிரியே பிடிவாதம்."

"சண்டை முடிஞ்சப்புறமும் அந்தத் தலையாட்டினவனை யாரும் கேக்கலையா?"

அவள் இலையை மடித்தாள். "கேக்கத்தான் அரிவாளைத் தீட்டி வச்சிருந்தேன். அதுக்குள்ள அவனுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. தூக்கிட்டு வந்து என் வாசல்ல நின்னான். நீதான் ஞானத்தாயா நிக்கணும்னான். புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? நின்னேன். கோயில்ல வச்சு உறவாயிருச்சு. அப்புறம் என்னத்தக் கேக்கறது?"

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். பழக்கதோஷம். "மொத்தம் எத்தனை புள்ளைங்களுக்கு நின்னீங்க?"

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "சாப்பிடு நேனிட்டா. ஆறிடும்."

பேனா நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்குள் ஓலைப்பை வந்ததே இல்லை. கரப்பான்பூச்சி வரும் என்பார் அப்பா. சந்தைக்குக்கூட மாவுச்சாக்கைத் தைத்த துணிப்பைதான். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் ஓலைப்பையை வாசல் கொய்யா மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஊர் மரியாதை என்று நினைத்திருந்தேன். வேறெந்த வீட்டு வாசலிலும் ஒரு பையைக்கூட நான் பார்த்ததில்லை என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் உறைத்தது.

அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. வெள்ளக் காலங்களில் என்னைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோனவர். இரண்டு நாள் அவரை வெறுக்க முயன்றேன். முடியவில்லை, அது இன்னும் கேவலமாக இருந்தது. பதினோரு பெயர்களையும் தட்டச்சு செய்தேன். கௌதென்சியோ நாலாவது. பட்டியலுக்குக் கீழே, காட்டிக்கொடுத்தவன் பேருக்காக ஒரு வரி இடம் விட்டிருந்தேன். திங்கட்கிழமை அச்சகத்துக்காரர் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த வரியைத் தவிர எல்லாம் தயார்.

திங்கள் காலை மீன்காரி லூர்தஸ் வந்தாள். முப்பது வயதுக்காரி, சண்டை ஓய்ந்து இருபது வருஷத்துக்கு மேல் கழித்துப் பிறந்தவள். பையை மரத்தடியில் வைத்துவிட்டு, இரண்டு மீனை மட்டும் தட்டில் ஏந்திக்கொண்டு படியேறினாள்.

"லூர்தஸ், பையையும் உள்ள கொண்டா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"வேணாம் டீச்சர். அது அங்கயே இருக்கட்டும்."

குரலில் அவ்வளவு கனிவு. தட்டை வாங்கினேன். அவள் தோளுக்கு மேலே வாசல் தெரிந்தது. கொய்யா மரத்தடியில் ஓலைப்பை வாய் திறந்து நின்றது. அடியிலிருந்து சொட்டிய மீன் தண்ணீர் மண்ணில் கோடாக ஓடி வீட்டுப் படியைத் தொட்டிருந்தது.