வண்ணத்துப்பூச்சியின் தலை

தண்ணீரூற்றுக் கிராமத்தில் ஜொஹறா வீட்டார் சொன்ன சொல் தவறியதில்லை என்பது ஊரறிந்த பேச்சு. அந்தப் பேச்சுக்காகவே முதுகை வளைக்காமல் நடப்பவள் அவள். இன்று அவள் ஊசியும் நூலுமாகக் குனிந்திருந்தாள்.

மகள் இஷ்ராவுக்குக் கலியாணம் பேசி முடித்த அன்று, மாப்பிள்ளை நாஸிமின் தாய் றசீதா தன் கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையொன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதன் நடுக்கட்டம் றசீதாவின் காலமான கணவர் உடுத்த சாறத்தின் துண்டு.

“கவனம், மதினி” என்றாள் றசீதா.

“எங்கட வீட்டில வைச்ச பொருள் பழுதாகாது” என்றாள் ஜொஹறா, கொஞ்சம் உரக்கவே. பிறகு, வாசமாக இருக்கட்டும் என்று அதைக் கல்லில் அடித்துத் தோய்த்தாள். சாறத் துண்டு இழை இழையாகப் பிரிந்துவிட்டது.

இன்று றசீதா வருகிறாள். வாக்குத் தவறிய வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? கிழிசலுக்கு அடியில் மெல்லிய துணி வைத்து, பிரிந்த இழைகளைப் பொடித் தையலால் பிடித்தாள். பச்சை றிபனை மடித்து இரண்டு சிறகாக மேலே பொருத்தினாள். நடுவே பழுப்பு நூலால் உடல், தலை, இரண்டு மீசை. வண்ணத்துப்பூச்சி ஒன்று கிழிசலை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. கடைசி முடிச்சைப் போடவும் வாசலில் ஓட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

றசீதா தேத்தண்ணி குடித்து முடிக்க அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. இஷ்ரா தொழுகை விரிப்பை எடுக்கப் போனாள்.

“அது வேண்டாம் மகள். என்ர போர்வையை விரிங்கோ. அவற்ற சாறத்தில நெத்தி வைச்சுக் கனகாலம்” என்று சொல்லிவிட்டு, றசீதா கைகால் கழுவி வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போனாள்.

அறைக்குள் போர்வையை விரித்த இஷ்ரா வாயைப் பொத்தினாள். “உம்மா! தொழுற இடத்தில உயிருருவம் கூடாதே!”

ஜொஹறா ஓடிவந்து பார்த்தாள். மறைக்கும் அவதியில் இதை மறந்துவிட்டாளே! றிபனைப் பிரித்தால் கிழிசல் தெரியும். கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது.

“தலை போனா உயிரில்லைத்தானே?” என்றாள் ஜொஹறா.

“கெதியா வெட்டுங்கோ, வாறா!”

கத்தரிக்கோல் நுனியால் தலையையும் மீசையையும் வெட்டி இழுத்தாள். உடல் காம்பானது. சிறகுகள் இலைகளாயின.

றசீதா தொழுதாள். அவள் நெற்றி நிலத்துக்குப் போகும்போதெல்லாம், கதவைப் பிடித்து நின்ற ஜொஹறா அந்த றிபனையே பார்த்தாள். தொழுது முடித்தும் றசீதா எழும்பவில்லை. அவள் விரல் றிபனைத் தடவியது.

“இந்த இலை நான் வைச்சதில்லையே, மதினி.”

பொய்யொன்று நாக்கு நுனிவரை வந்தது. ஜொஹறா முதுகை நிமிர்த்தினாள்.

“நான்தான் வைச்சனான். கல்லில அடிச்சுத் தோய்ச்சுப் பழுதாக்கிப்போட்டன். என்ர சொல் போயிட்டுது. இனி உங்கட விருப்பம்.”

றசீதா பொடித் தையலை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “கத்தரிக்கோல் எங்க?” என்றாள்.

அந்தத் துண்டை வெட்டியெடுத்துக்கொண்டு போகப்போகிறாள். கலியாணமும் அதோடு போகும். ஜொஹறா கத்தரிக்கோலை நீட்டினாள்.

றசீதா குனிந்து, பழுப்பு நூல்நுனியொன்றை நகத்தால் தேடிப் பிடித்துக் கத்தரித்தாள்.

“இலைக்கு மீசை மிச்சம் நிக்குது” என்றாள். “இனிக் கல்லில போடாதேங்கோ. நிக்காஹ்வுக்கு இதைத்தான் விரிக்கிறது.”