தாசில்தாரைப் பறக்கவிட்ட வெள்ளிக்கிழமை

எங்கள் அண்ணன் பெண்டாட்டி ஞானம்பாள் மதினி நல்லவள். அதுதான் அவளிடம் உள்ள கோளாறே. கெட்டது செய்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். நல்லது செய்துவிட்டு வந்து சிரித்துக்கொண்டு நிற்பவளை என்ன செய்ய?

தொண்ணூற்றாறு ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்காக எஸ்.டி.டி. பூத்தைப் பூட்டிவிட்டு வந்தேன். இளம்பிள்ளைவாதக்காரி என்பதால் சர்க்கார் எனக்குக் கொடுத்த பூத் அது. வெளியே போக இரண்டு காலிலும் இரும்புக் காலிப்பர், கக்கத்தில் கட்டை. வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கையை ஊன்றித் தரையில்தான் நகர்வேன். அந்தக் கோலத்தில் என்னை வெளியாள் பார்த்ததில்லை. நான் விட்டதுமில்லை.

எனக்குத் துணை தாசில்தார். மூன்று வருஷத்துக்கு முன் லாரியில் அடிபட்டு விழுந்த மைனா. வலது றெக்கை ஒட்டவே இல்லை. நெஞ்சை நிமிர்த்தி அது நடக்கிற மிடுக்கைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர். நான் தரையில் நகர்ந்தால் பக்கத்திலேயே நடந்து வரும். காலிப்பர் மாட்டிக் கட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தேனோ, அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடிவிடும். எழுந்து நிற்கிற இந்தக் கோமுவை அதற்குத் தெரியாது.

அன்று, நான் இல்லாதபோது அதை அடைத்து வைக்கிற கூண்டு காலியாக இருந்தது.

"ஏட்டி கோமு, ஒனக்கு நல்ல காலம் பொறந்தாச்சு" என்றாள் மதினி. "றெக்கையுள்ள உயிர அடைச்சு வச்சிருக்கதாலதான் கல்யாணம் தட்டிப் போகுதுன்னு முக்கூடல் ஜோசியர் சொல்லுதாரு. காலைல கால்வாய்க் கரையில கொண்டு விட்டுட்டேன்."

"அது பறக்காதுன்னு தெரியாதா மதினி?"

"அடைச்சே வச்சதால மறந்துட்டுன்னு நெனச்சேன். வெட்டவெளியப் பாத்தா தன்னால பறந்துரும்லா?"

"பறந்துச்சா?"

"கண்ண மூடி நெல்லையப்பரக் கும்பிட்டேன். தெறந்து பாத்தா காணல. பறந்துட்டுன்னு சந்தோசமா வந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டு சுவரில் போய் விழுந்தது. கீரியும் நாயும் திரிகிற வரப்பில் பறக்காத பறவை எவ்வளவு நேரம் தாங்கும்? காலிப்பரை மாட்டிக்கொண்டு, கையால் சுற்றுகிற என் மூன்று சக்கர வண்டியில் ஏறினேன். மதினி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே அழுதாள்.

"அழாம தள்ளுங்க!" என்று கத்தினேன்.

கால்வாய்க் கரையை ஒட்டிய வயலில் பிசானப் பருவ நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பிச்சைக்கண்ணு அக்காவும் மற்ற நடவுப் பெண்களும் நாற்றைப் போட்டுவிட்டு வரப்பு வரப்பாகத் தேடினார்கள். நானும் கட்டையை ஊன்றி ஊன்றிக் கூப்பிட்டுப் பார்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"கீரி கொண்டு போயிருக்கும் தாயி" என்றாள் பிச்சைக்கண்ணு அக்கா.

அப்போதுதான் உறைத்தது. கட்டைச் சத்தம் கேட்டால் அது ஒளிந்துகொள்ளுமே! அறிவு கெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் இத்தனை பேர் முன்னால் எப்படி? பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட நாற்காலியை விட்டு அசையாதவள் நான்.

வரப்பில் உட்கார்ந்து காலிப்பரின் வார்களை அவிழ்த்தேன்.

"வேண்டாம்ளா, எல்லாரும் பாக்காவ" என்றாள் மதினி.

பார்க்கட்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உள்ளங்கையைச் சேற்றில் ஊன்றி நகர்ந்தேன். தேடிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பத்தடி போயிருப்பேன். வரப்போரப் புல்லுக்குள் சலசலப்பு. உடம்பெல்லாம் சேறாக, தாசில்தார் வெளியே வந்தது. நேராக என் கைக்கு நடந்து வந்து விரலைக் கொத்தியது.

மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். நெல்லையப்பா, உனக்குக் கோடி கும்பிடு. என்னைப் பார்க்க எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். இந்தத் தரைக் கோமுதான் வேண்டுமென்று வந்தது இந்த ஒரு உயிர்.

மதினி காலிப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டிவிடக் குனிந்தாள்.

"இருக்கட்டும் மதினி. பய பயந்து போயிருக்கான். காலிப்பர வீடு வரைக்கும் நீங்களே கொண்டு வாங்க."

தாசில்தாரை மடியில் கட்டிக்கொண்டு, வண்டி வரைக்கும் கையூன்றியே போனேன். பிச்சைக்கண்ணு அக்கா எனக்கு முன்னால் நடந்து, வரப்பில் கிடந்த முள்ளையெல்லாம் பொறுக்கிப் போட்டுக்கொண்டே போனாள்.